மூன்று மைல் இடைவெளியில் இரண்டு டேனிஷ் ஊர்கள்: எல்க் ஹார்ன், கிம்பல்டன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஒமாஹா நகரத்தில் சில வருடங்கள் இருந்தபோது வார இறுதிகளில் இந்த இரண்டு ஊர்களுக்கும் பல முறை போயிருக்கிறேன். முதல் தடவை காற்றாலையைப் பார்க்கத்தான் போனேன். அப்புறம் அங்கிருக்கும் மனிதர்களுக்காகப் போக ஆரம்பித்தேன். நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த ஊர்கள் எங்கே இருக்கின்றன? எவ்வளவு பெரியவை?

அமெரிக்காவின் நடுப்பகுதியில், அயோவா மாநிலத்தின் மேற்கில். ஒமாஹாவுக்கும் டி மாய்னுக்கும் இடையே ஓடும் இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலையில் 54ஆம் எண் வழியில் இறங்கி வடக்கே ஆறேழு மைல் போனால் எல்க் ஹார்ன் வரும். அதே சாலையில் இன்னும் மூன்று மைல் போனால் கிம்பல்டன். முன்னது ஷெல்பி கவுண்டியில் இருக்கிறது, பின்னது ஆடுபான் கவுண்டியில்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்க் ஹார்னில் 601 பேர், கிம்பல்டனில் 291 பேர். இரண்டையும் கூட்டினாலும் 900 ஆகவில்லை. நம்மூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடுகிற கூட்டம். சுற்றிலும் மேடும் பள்ளமுமாக மக்காச்சோள வயல்களும் சோயா வயல்களும். ஆனாலும் அமெரிக்காவில் டேனிஷ்காரர்கள் குடியேறிய கிராமப்புறங்களில் மிகப் பெரியது இதுதான் என்று சொல்வார்கள்.

டென்மார்க்கை விட்டு ஏன் இவ்வளவு பேர் கிளம்பினார்கள்?

முதல் காரணம் நிலம். அப்பாவிடம் இருந்த துண்டு நிலம் மூத்த பிள்ளைக்குப் போனால் மற்றவர்கள் கூலி வேலைக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவில், குடியேறி உழுபவருக்கு அரசு நிலம் தரும் ஹோம்ஸ்டெட் சட்டமும் ரயில் கம்பெனிகள் விற்ற மலிவான நிலமும் காத்திருந்தன. ஏற்கெனவே போனவர்கள் எழுதிய கடிதங்கள் வீடு வீடாகப் படிக்கப்பட்டன. பல சமயம் கடிதத்தோடு கப்பல் டிக்கெட்டும் வந்தது.

இரண்டாவது காரணம் போர். 1864இல் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்ற டென்மார்க், ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை இழந்தது. வடக்கு ஷ்லெஸ்விக்கில் வீட்டில் டேனிஷ் பேசி வளர்ந்த இளைஞர்கள், பிரஷ்ய ராணுவத்தில் கட்டாயமாகச் சேர வேண்டிய நிலை. அதற்குத் தப்பிக் கப்பலேறியவர்கள் நிறைய. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 1918இல் நடந்ததைச் சொல்லும்போது இது தேவைப்படும்.

1850களிலிருந்து 1930 வரை அமெரிக்காவுக்குப் போன டேனிஷ்காரர்கள் 3 லட்சத்துக்கும் மேல். ஸ்வீடன், நார்வேகாரர்களோடு ஒப்பிட்டால் இது சிறிய கூட்டம். அவர்களை விட வேகமாகச் சிதறி, வேற்றினத்தாரோடு கலந்துபோன கூட்டமும் கூட. அதனால்தான் ஒரே இடத்தில் அடர்த்தியாகத் தங்கிய இந்த ஊர்கள் அபூர்வமானவை.

மூன்று மைல் தூரத்தில் எதற்கு இரண்டு ஊர்கள்? ஒன்றாகவே இருந்திருக்கலாமே?

என்னை இந்த ஊர்களோடு கட்டிப்போட்ட கதையே இதுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு டென்மார்க்கின் லுத்தரன் திருச்சபைக்குள் இரண்டு பெரிய இயக்கங்கள் எழுந்தன. ஒன்று என். எஃப். எஸ். குருண்ட்விக் என்ற பாதிரியார், கவிஞரின் வழி. அவர் 1783இல் பிறந்து 1872இல் மறைந்தவர். 'முதலில் மனிதன், பிறகு கிறிஸ்தவன்' என்பது அவர் எழுதிய வரி. பாட்டு, கதை, தாய்மொழி, நாட்டார் மரபு எல்லாம் கடவுள் கொடுத்தவை, அவற்றைக் கொண்டாடுவதில் பாவமில்லை என்றார். பரீட்சையும் மதிப்பெண்ணும் இல்லாமல் கிராமத்து இளைஞர்கள் சேர்ந்து தங்கி, பேசி, பாடி, கற்கும் 'மக்கள் உயர்பள்ளி' என்ற யோசனையும் அவருடையதே.

இன்னொன்று இன்னர் மிஷன். உலக ஆசைகளை விட்டு மனந்திரும்ப வேண்டும், நடனம், சீட்டாட்டம், குடி எல்லாம் ஆத்மாவைக் கெடுக்கும் என்பது இவர்கள் நம்பிக்கை. இவர்களை வெறும் கடுமைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. புதிய தேசத்தில் திக்கற்று நின்ற எத்தனையோ குடும்பங்களைக் குடியிலிருந்து மீட்டு, ஒழுங்கான வாழ்க்கைக்குக் கொண்டுவந்த நம்பிக்கை அது.

இரண்டு வகை மனிதர்களும் ஒரே கப்பலில் வந்து, ஒரே மண்ணை உழுது, ஒரே தேவாலயத்தில் உட்கார்ந்தார்கள். 1872இல் தொடங்கிய அமெரிக்க டேனிஷ் திருச்சபை இவர்கள் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. 1878இல் அமெரிக்காவின் முதல் டேனிஷ் மக்கள் உயர்பள்ளி எல்க் ஹார்னில் திறக்கப்பட்டது. ஆனால் பள்ளி யாருடையது, பாதிரியார் எந்தப் பக்கம், பைபிளை எப்படிப் புரிந்துகொள்வது என்ற வாக்குவாதம் வருடா வருடம் சூடேறி, 1894இல் திருச்சபையே இரண்டாக உடைந்தது.

எல்க் ஹார்ன் பெரும்பாலும் இன்னர் மிஷன் பக்கம் நின்றது. கிம்பல்டன் குருண்ட்விக் பக்கம். வெளியார் இவர்களுக்கு வைத்த பெயர்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன: 'புனித டேனிஷ்காரர்கள்', 'மகிழ்ச்சி டேனிஷ்காரர்கள்'. ஒரு ஊரில் ஜெபக்கூட்டம் நடக்கும் இரவில் மூன்று மைல் தள்ளி மற்ற ஊரில் நடனம் நடக்கும். கல்லூரிகள் கூடத் தனித்தனி. குருண்ட்விக் தரப்பு 1896இல் டி மாய்னில் கிராண்ட் வியூ கல்லூரியைத் தொடங்கியது. மறுதரப்புக்கு நெப்ராஸ்காவின் பிளேர் நகரில் 1884இல் ஆரம்பித்த டேனா கல்லூரி.

அந்தப் பிளவு இன்னும் இருக்கிறதா?

அமைப்பு அளவில் இல்லை. 1960இலும் 1962இலும் இரண்டு டேனிஷ் திருச்சபைகளும் வெவ்வேறு பெரிய லுத்தரன் சபைகளில் இணைந்தன. 1988இல் அந்தச் சபைகளே ஒன்றாகி இன்றைய அமெரிக்க இவாஞ்சலிகல் லுத்தரன் திருச்சபை உருவானது. ஆக, 1894இல் உடைந்தது ஒட்டுவதற்கு 94 வருடம் பிடித்தது. டேனா கல்லூரி 2010இல் மூடப்பட்டது.

மனித அளவில் கேட்டால், வயதானவர்களின் பேச்சில் இன்னும் வரும். கிம்பல்டனில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தன் அம்மா எல்க் ஹார்ன் பெண் என்றும், அப்பாவைக் கட்டிக்கொண்டு மூன்று மைல் வடக்கே வந்ததை அம்மாவின் வீட்டார் பல காலம் மன்னிக்கவில்லை என்றும் சொன்னார். 'அடுத்த ஊர்தானே' என்றேன். 'அந்த நாளில் அது அட்லாண்டிக்கை விடப் பெரிய தூரம்' என்றார். இப்போது இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே பள்ளி. பக்கத்து ஊரான எக்சிராவும் 2014இல் அதனோடு சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் ஒரே சட்டை போட்டு ஒரே அணிக்காக விளையாடுகிறார்கள்.

அங்கே இன்னும் டேனிஷ் பேசுகிறார்களா?

அன்றாடப் பேச்சில் இல்லை. சாப்பிட்டு எழும்போது சொல்லும் 'டாக் ஃபோர் மாட்', அதாவது சாப்பாட்டுக்கு நன்றி, பல வீடுகளில் மிச்சமிருக்கிறது. வரவேற்புப் பலகைகளில் 'வெல்கொமென்' இருக்கிறது. கிறிஸ்துமஸ் பாட்டுகள் சிலருக்கு மனப்பாடம். அவ்வளவுதான்.

மொழி மெதுவாகத் தேய்ந்துதான் போனது, ஆனால் ஒரு முறை பிடித்துத் தள்ளவும் பட்டது. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய பிறகு, 1918 மே 23 அன்று, அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் உத்தரவு போட்டார். பள்ளிகளில், ரயிலில், பொது இடங்களில், தொலைபேசியில், மேடையில், தேவாலயத்தில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது. ஆங்கிலம் புரியாதவர்கள் வீட்டுக்குள் ஜெபம் செய்துகொள்ளலாம். பைபிளில் மொழிகள் சிதறிப்போன பாபேல் கோபுரக் கதையை வைத்து, சரித்திரத்தில் இதற்கு 'பாபேல் பிரகடனம்' என்று பெயர். ஜெர்மன் மொழியை ஒடுக்கக் கிளம்பிய உத்தரவு டேனிஷ், நார்வேஜியன், ஸ்வீடிஷ், செக் எல்லாவற்றின் வாயையும் அடைத்தது.

ஷ்லெஸ்விக்கில் ஜெர்மன் ஆட்சியின் கீழ்த் தாய்மொழியைக் காப்பாற்ற முடியாமல் ஓடிவந்தவர்களை இப்போது நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய பிள்ளைகள் அமெரிக்க ராணுவச் சீருடையில் ஜெர்மனிக்கு எதிராகப் பிரான்சில் நிற்கிறார்கள். இங்கே அம்மா தேவாலயத்தில் தன் மொழியில் ஒரு ஜெபம் சொன்னால் குற்றம். அதுவும் டென்மார்க் அந்தப் போரில் நடுநிலை நாடு. பிரகடனத்தை அதே வருடம் டிசம்பரில் திரும்பப் பெற்றார்கள். ஆனால் பயந்த தாய் தகப்பன்மார் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசப் பழகிவிட்டார்கள். ஒரு தலைமுறை கழித்துத் தேவாலய ஆராதனையும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். சட்டம் ஆறேழு மாதம்தான் இருந்தது, அது விதைத்த கூச்சம் போகவே இல்லை.

அந்தக் காற்றாலை உண்மையிலேயே டென்மார்க்கிலிருந்து வந்ததா?

ஆமாம், கட்டை கட்டையாகப் பிரித்துக் கொண்டுவரப்பட்டது. 1848இல் டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பத்தில் உள்ள நோரெ ஸ்னெடெ என்ற ஊரில் கட்டிய மாவரைக்கும் ஆலை அது. சுமார் 60 அடி உயரம்.

1975இல் எல்க் ஹார்ன் விவசாயி ஒருவர் டென்மார்க் போயிருந்தபோது, பழைய காற்றாலைகள் கவனிப்பாரின்றி இற்றுப்போவதைப் பார்த்தார். ஒன்றை ஊருக்குக் கொண்டுபோனால் என்ன என்று தோன்றியிருக்கிறது. திரும்பி வந்து ஊர்க் கூட்டத்தில் சொன்னார். அறுநூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் ஊர், கடல் தாண்டி ஓர் ஆலையைத் தூக்கி வருவதா என்று யாரும் சிரிக்கவில்லை. சில நாட்களுக்குள் 30,000 டாலர் சேர்ந்தது.

டென்மார்க்கில் ஒரு தச்சர் ஆலையைப் பிரிப்பதற்கு முன் ஆறடி உயரத்தில் அதன் மாதிரி ஒன்றைச் செய்தார். உண்மையான ஆலையின் ஒவ்வொரு உத்திரத்துக்கும் பலகைக்கும் ஓர் எண். மாதிரியிலும் அதே துண்டுக்கு அதே எண். கப்பலிலும் லாரியிலும் வந்து குவிந்த மரக்கட்டைகளை எல்க் ஹார்ன்காரர்கள் அந்த மாதிரியை வைத்துக்கொண்டு 1976இல் அடுக்கத் தொடங்கினார்கள். காற்றாலை கட்டிய அனுபவம் அவர்களில் யாருக்கும் இல்லை. களஞ்சியமும் தொழுவமும் கட்டிய கைகள்தான். 300க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வேலை செய்தார்கள்.

உள்ளே ஏறினால் உத்திரங்களை அருகில் நின்று பார்க்கலாம். கோடாலியால் செதுக்கிய வடு அப்படியே தெரியும். மர ஆணிகள் கறுத்துப்போய் வழவழப்பாக இருக்கும். பல்சக்கரத்தின் பற்களும் மரம்தான். காற்று நன்றாக அடிக்கும் நாளில் இறக்கைகளை விடுவித்தால் முதலில் ஒரு முனகல், பிறகு கட்டடம் முழுவதும் லேசான அதிர்வு. கையை உத்திரத்தில் வைத்தால் அந்த அதிர்வு உள்ளங்கைக்கு வரும். கீழே கல்லில் அரைத்த கோதுமை மாவும் கம்பு போன்ற நிறத்தில் ரை மாவும் பையில் விற்கிறார்கள்.

கிம்பல்டனில் என்ன இருக்கிறது?

கோபன்ஹேகனில் 1913 முதல் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் குட்டிக் கடற்கன்னி சிலையின் நகல், 1978 முதல் கிம்பல்டன் பூங்காவின் நீரூற்று நடுவில் இருக்கிறது. கதை சொன்ன ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பெயரில் பூங்கா. எந்தப் பக்கம் போனாலும் கடல் பல நூறு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரில் ஒரு கடற்கன்னி. குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதெல்லாம் சுற்றுலாவுக்காகப் போட்ட வேஷம்தானே?

படித்தவர்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள். காற்றாலையும் கடற்கன்னியும் 1970களில் வந்தவை என்பது உண்மை. அதற்குள் மொழி போய்விட்டது, முதல் தலைமுறை மண்ணுக்குள் போய்விட்டது. 1870களில் வந்த குடியேறிகள் தங்கள் வீடுகளை டென்மார்க் பாணியில் கட்டிக்கொள்ளவும் இல்லை. சீக்கிரம் அமெரிக்கர்களாகிவிடத்தான் பார்த்தார்கள்.

ஆனால் வேஷம் என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காற்றாலைக்கு முன்பும் இவர்கள் சேர்ந்து பணம் போட்டிருக்கிறார்கள். பெரிய ரயில் கம்பெனிகள் இந்த ஊர்களைத் தொடாமல் போனபோது, தெற்கே இருக்கும் அட்லாண்டிக் நகரத்திலிருந்து எல்க் ஹார்ன் வழியாகக் கிம்பல்டன் வரை ஒரு சின்ன ரயில் பாதையை உள்ளூர்க்காரர்களே பணம் திரட்டிப் போட்டார்கள். 1907இல் ஓடத் தொடங்கி 1936இல் நின்றது. தாய்நாட்டிலும் இதே பழக்கம்தான். 1882இல் ஹெடிங் என்ற யூட்லாந்து ஊரில் டென்மார்க்கின் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை ஆரம்பித்தது. 1890இல் மினசோட்டாவின் கிளார்க்ஸ் குரோவில் டேனிஷ் குடியேறிகள் அதே முறையில் வெண்ணெய் ஆலை நடத்தினார்கள். பாலைப் பொதுவில் ஊற்றி, லாபத்தைப் பாலின் அளவுக்குப் பிரித்துக்கொள்வது. பாட்டனார் பால் ஊற்றிய மாதிரி பேரன் காற்றாலைக்கு டாலர் போட்டான். நான் அந்த ஊர்களில் பார்த்த மரபு இந்தப் பழக்கம்தான். மரச் செருப்பும் சிவப்புக் கொடியும் அதற்கு மேல் உடுத்திய துணி.

எப்ளெஸ்கீவர் என்றால் என்ன? ஏன் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்?

நம்முடைய குழிப் பணியாரத்தின் டென்மார்க் உறவு. கல்லைப் பார்த்ததும் நான் அசந்துபோனேன். இரும்பில் வார்த்த வட்டக் கல், ஏழு குழி, நீளக் கைப்பிடி. செட்டிநாட்டு அடுப்படியில் வைத்தால் யாரும் வேறு ஊர்க் கல் என்று சொல்ல மாட்டார்கள்.

பெயருக்கு 'ஆப்பிள் துண்டுகள்' என்று பொருள். இப்போது பெரும்பாலும் ஆப்பிள் போடுவதில்லை. மைதா, மோர், முட்டை, கொஞ்சம் சர்க்கரை, ஆப்பச்சோடா. முட்டை வெள்ளையைத் தனியாக நுரைக்க அடித்துக் கலப்பவர்களும் உண்டு. குழியில் வெண்ணெய் விட்டு மாவை ஊற்றுவார்கள். சூட்சுமம் திருப்புவதில் இருக்கிறது. திருவிழாக் காலையில் பன்னிரண்டு கல்லுக்கு முன் நின்ற பாட்டி ஒருவர் கையில் கம்பளி பின்னும் ஊசி வைத்திருந்தார். ஓரம் வெந்ததும் ஊசி முனையால் கால்வாசி மட்டும் திருப்பினார். வேகாத மாவு வழிந்து குழியின் அடியை நிரப்பியது. இன்னொரு கால்வாசி, மறுபடி ஒரு கால்வாசி. நாம் ஒரே திருப்பாகத் திருப்பிவிடுகிறோம், அதனால் தட்டையாக ஒரு பக்கம் வரும். அவருடையது பந்து மாதிரி உருண்டு வந்தது. பொடித்த சர்க்கரை தூவி, ஜாமோடு கொடுத்தார். எங்கள் ஊரிலும் இந்தக் கல் உண்டு, வெங்காயம் பச்சைமிளகாய் போட்டுக் காரமாகவும் சுடுவோம் என்றதும் ஊசியை என் கையில் கொடுத்துவிட்டார். அரை மணி நேரம் வரிசைக்குச் சுட்டுக்கொடுத்தேன்.

கூடவே மெடிஸ்டர்பொல்ஸெ என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சியும், புளிப்பும் இனிப்புமாக வேகவைத்த சிவப்பு முட்டைக்கோசும் இருக்கும். சைவர்களுக்கு முட்டைக்கோசும் எப்ளெஸ்கீவரும் தாராளம், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால்.

என்னென்ன விழாக்கள் நடக்கின்றன?

இரண்டு. மே மாதக் கடைசியில், மெமோரியல் டே வார இறுதியில் டிவோலி விழா. ஊர்வலமும் நாட்டார் நடனமும் உண்டு. 'புனித' ஊரான எல்க் ஹார்னின் தெருவில் பிள்ளைகள் கைகோத்து ஆடுவதைப் பார்க்கும்போது, அந்த 1894 கதை தெரிந்தவர்களுக்கு மனசு நெகிழும். நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் முடிந்த வார இறுதியில் யூலெஃபெஸ்ட் என்ற கிறிஸ்துமஸ் விழா. சிவப்புத் தொப்பி போட்ட 'நிஸ்ஸெ' என்ற குட்டி வீட்டுக் காவலன் அப்போது எங்கும் தென்படுவான். அவன் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வெண்ணெய் போட்ட பால் சோறு ஒரு கிண்ணம் வைக்க வேண்டும் என்பது டேனிஷ் வழக்கம்.

அருங்காட்சியகம் பார்க்க வேண்டியதா?

கண்டிப்பாக. எல்க் ஹார்னில் இருக்கும் டேனிஷ் அமெரிக்க அருங்காட்சியகம் 1983இல் அமைப்பாகத் தொடங்கி 1994இல் கட்டடம் திறந்தது. நாடு முழுவதிலுமிருந்து டேனிஷ் குடும்பங்கள் கொடுத்த பொருள்கள் அங்கே இருக்கின்றன. குடியேறிகள் கொண்டுவந்த பெட்டிகள் முன்னால் நின்றேன். ஒரு பெட்டிக்குள் ஒரு வாழ்க்கை முழுவதும் அடங்க வேண்டும் என்றால் எதை எடுப்பது, எதை விடுவது? பக்கத்தில் 1908இல் கட்டிய 'பெஸ்டெமோர்' வீடு, பாட்டி வீடு, இருக்கிறது. அதையும் பாருங்கள்.

என் நண்பரின் குடும்பம் டேனிஷ் வழி. மூதாதையரைத் தேட முடியுமா?

முடியும். அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வம்சாவளி மையம் எல்க் ஹார்னிலேயே இருக்கிறது. ஆனால் பெயர்தான் சோதிக்கும். டென்மார்க்கில் பழைய வழக்கம் நம்முடைய தலைப்பெழுத்து மாதிரி. அப்பா பெயர் யென்ஸ் என்றால் மகன் யென்சன், அந்த மகனின் பெயர் பீட்டர் என்றால் பேரன் பீட்டர்சன். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசு நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கிய பிறகும் கிராமங்களில் பழக்கம் தொடர்ந்தது. அமெரிக்கா வந்து இறங்கியபோது ஒரே ஊரில் எத்தனையோ யென்ஸ் யென்சன்கள், ஹான்ஸ் ஹான்சன்கள்.

அதனால் பெயரை மட்டும் வைத்துத் தேடக்கூடாது. பிறந்த திருச்சபைப் பங்கின் பெயர் வேண்டும். அது கிடைத்தால் டென்மார்க்கின் தேவாலயப் பதிவேடுகளில் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், ஊரைவிட்டுப் போனது வரை வரிசையாகப் பிடித்துவிடலாம். பழைய பைபிளின் முதல் பக்கம், கடித உறையின் முத்திரை, கல்லறைக் கல், இந்த மூன்றில் ஒன்றில் பங்கின் பெயர் பெரும்பாலும் அகப்படும்.

பக்கத்தில் ஸ்வீடன், நார்வே மரபு ஊர்களும் உண்டா?

உண்டு. தென்மேற்கு அயோவாவில் ஸ்டான்டன் ஸ்வீடன்காரர்கள் ஊர். காபிப் பானை வடிவத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டிப் பெயர் வாங்கியது. மாநிலத்தின் வடகிழக்கில் டெக்கோரா நார்வேகாரர்களின் ஊர். வெஸ்டர்ஹெய்ம் என்ற அருமையான அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. அதன் வேர் 1877 வரை போகிறது. எல்க் ஹார்னிலிருந்து ஒரு நாள் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழர்களுக்கும் இவர்களுக்கும் ஏதாவது தொடர்பு?

நேரடியாக இல்லை. நாடு ஒன்றுதான். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டென்மார்க்கின் கையில் இருந்தது. 1706இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கை அனுப்பியவர் டென்மார்க் மன்னர். சீகன்பால்க் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. எல்க் ஹார்னில் யாரிடமாவது 'தரங்கம்பாடி' என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் 'டிரங்கபார்' என்று வேறு பெயரில் அறிந்திருக்கக்கூடும். டான்ஸ்போர்க் கோட்டையின் படத்தைப் போனில் காட்டினால் அரை மணி நேரப் பேச்சுக்கு நான் உத்தரவாதம்.

டேனிஷ் இல்லாதவர்களை அங்கே எப்படி நடத்துகிறார்கள்?

என் அனுபவத்தில், மிக நன்றாக. ஊசியைக் கையில் கொடுத்ததைச் சொன்னேன். இன்று ஊரில் இருக்கும் பலருக்கே டேனிஷ் ரத்தம் கால்வாசி, அரைக்கால்வாசிதான், சிலருக்கு அதுவும் இல்லை. விழா நடத்தவும் மாவு விற்கவும் ஆள் போதவில்லை என்பதுதான் அவர்கள் கவலை. வடக்கே டெனிசன் நகரத்தில் இறைச்சி ஆலை வேலைக்காக வந்த லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் கடையில் ஸ்பானிஷ் பேசுவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்தப் பகுதியிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் 1918 கதையைத்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தகுதியானவர்கள் எல்க் ஹார்னிலும் கிம்பல்டனிலும் இருக்கிறார்கள், சிலர் சொல்லவும் செய்கிறார்கள்.

ஒரு நாள்தான் இருக்கிறது. எதைத் தவறவிடக்கூடாது?

காற்றாலையையும் அருங்காட்சியகத்தையும் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். நான் கல்லறைத் தோட்டத்தைச் சொல்வேன். பழைய கற்களில் பிறந்ததும் இறந்ததும் டேனிஷில் செதுக்கியிருக்கும். பெயருக்குக் கீழே பிறந்த ஊர், அதற்கும் கீழே ஒரு பாட்டின் வரி. வரிசை வரிசையாக நடந்து வந்தால் மொழி மாறுவது கண்ணுக்கே தெரியும். ஒரு கல்லின் முன் நெடுநேரம் நின்றேன். கணவனின் பக்கம் முழுக்க டேனிஷ். பல வருடம் கழித்துப் போன மனைவியின் பக்கம் ஆங்கிலம். காலையில் சீக்கிரம் போங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த எழுத்துகளைப் படிக்க முடியும்.